கறுப்பு நாயில் கறுப்பு எங்கே இருக்கு?

ஒரு கறுப்பு நாயை வரைய என்ன கலர் வேண்டும்? "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று கறுப்பு ட்யூபைக் கையில் எடுத்தீர்கள் என்றால், கொஞ்சம் உட்காருங்கள், பேசலாம். ட்யூபில் இருந்து பிதுக்கிய கறுப்பை அப்படியே பூசி வரைந்த நாய், நாய் மாதிரி இருக்காது. பேப்பரில் நாய் வடிவத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

மெஸ் வாசலில் படுத்திருக்கும் கருப்பனை (ஒவ்வொரு காலேஜிலும் ஒரு கருப்பன் உண்டு) நாளைக்குக் காலை எட்டு மணி வெயிலில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். முதுகின் மேல்பக்கம் நீலம் கலந்த சாம்பல் நிறம். அது வானத்தோட வெளிச்சம். வயிற்றுப் பக்கம், செம்மண் தரையில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தில் லேசான பழுப்பு. வெயிலிலேயே கிடந்து வெளுத்துப் போன தொடை முடி கிட்டத்தட்ட செம்பட்டை. நிஜமாகவே கறுப்பு என்று சொல்லக்கூடிய இடம் காதுக்குள்ளே, கால் இடுக்கில், உதட்டோரத்தில், அவ்வளவுதான்.

வீட்டு நாய், பூனை, ஆடு, கிளி என்று செல்லப்பிராணிகளை வரைவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. "பத்தே நிமிஷத்தில் வரையலாம்" வகையறா இல்லை. ஒரு முகத்துக்கு எட்டு மணி நேரமாவது ஆகும். ஆனால் ஒவ்வொரு ஸ்டெப்பும் ஏன் வேலை செய்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால்தானே நமக்கு மனசு ஆறும்!

கையில் கோளாறு இல்லை

"எனக்கு டிராயிங்கே வராதுப்பா" என்று சொல்பவர்கள்தான் இங்கே முக்கால்வாசிப் பேர். ஆனால் அதே ஆட்கள்தான் முதல் வருஷம் இஞ்சினியரிங் டிராயிங்கில் ஐசோமெட்ரிக் வியூ போட்டுப் பாஸ் ஆனவர்கள். கோடு போடக் கைக்குத் தெரியும். பிரச்சினை கண்ணுக்கும் கைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் மூளையில்.

பார்க்காமல் ஒரு நாய் முகம் வரையச் சொன்னால் என்ன வரைவீர்கள்? மேலே ரெண்டு முக்கோணம், வெள்ளை முழிக்குள் கறுப்புப் புள்ளியாக ரெண்டு கண், நடுவில் ஒரு மூக்கு. அது நாய் இல்லை, நாய்க்கான ஐகான். எதிரில் நிஜ நாயே உட்கார்ந்திருந்தாலும் மூளை அந்த ஐகானைத்தான் எடுத்துக் கொடுக்கும். நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் கண். மனுஷக் கண் மாதிரி நாய்க் கண்ணில் வெள்ளை பெரிதாகத் தெரியாது. திறப்பு முழுக்கப் பழுப்புப் பாப்பாதான் நிறைந்திருக்கும். வெள்ளை நன்றாகத் தெரிந்தால் பெரும்பாலும் அந்த நாய் பயந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். ஐகானை நம்பி வெள்ளை முழி வைத்தால், சோபாவில் சுகமாகப் படுத்திருக்கும் நாய் உங்கள் படத்தில் பட்டாசுச் சத்தம் கேட்டு மிரண்ட நாயாகிவிடும். பூனைக்கு வெயிலில் செங்குத்தாகக் கோடு மாதிரி பாப்பா, இருட்டில் வட்டம். ஆட்டுக்குப் படுக்கைவாட்டில் நீளம். ஊரில் ஆடு இருப்பவர்கள் கிட்டப் போய்ப் பாருங்கள், இத்தனை வருஷம் பார்த்தும் இதைக் கவனிக்கவில்லையே என்று தோன்றும்.

இந்த ஐகானை எப்படி ஓரங்கட்டுவது? பெட்டி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க டிராயிங் டீச்சர் 1979-ல் எழுதிய புத்தகத்தால் பிரபலமான ஒரு பயிற்சி இருக்கிறது. போட்டோவைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, அப்படியே தலைகீழாக வரைவது. தலைகீழாக இருக்கும்போது "இது காது, இது மூக்கு" என்று மூளையால் சட்டென்று பேர் வைக்க முடியாது. பேர் இல்லையென்றால் ஐகானும் இல்லை. கோடு எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே முட்டுகிறது என்று மட்டும் பார்ப்பீர்கள். வலது மூளை, இடது மூளை என்று அந்தப் புத்தகத்தில் வரும் விளக்கத்தை இன்றைய நரம்பியல்காரர்கள் அப்படியே ஏற்பதில்லை. விளக்கம் ஆட்டம் கண்டாலும் பயிற்சி வேலை செய்கிறது. ஒரு அரை மணி நேரம் செலவழித்துப் பாருங்கள், நீங்களே நம்ப மாட்டீர்கள்.

மூளையில் ஐகானே இல்லாத விலங்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் ஜஹாங்கீரின் அவையில் இருக்கிறது. 1621-ல் அவருக்கு ஒரு வரிக்குதிரை பரிசாக வந்தது. அங்கே யாரும் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. யாரோ குதிரைக்குக் கோடு போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று சிலருக்குச் சந்தேகம் வந்ததாம், நன்றாகச் சோதித்த பிறகுதான் நம்பியிருக்கிறார்கள். அதை வரைந்தவர் உஸ்தாத் மன்சூர். அந்தப் படம் இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது, இணையத்தில் தேடினால் கிடைக்கும். முகத்துக் கோடுகள் கண்ணைச் சுற்றி எப்படி வளைகின்றன, காலில் எப்படி மெலிகின்றன என்று பாருங்கள். பார்ப்பதைத் தவிர மன்சூருக்கு வேறு வழியே இல்லை. நாம் நாயைப் பார்க்க வேண்டியதும் அந்த மாதிரிதான்.

போட்டோ எடுப்பதிலேயே பாதி முடிந்துவிடும்

உயிருள்ள நாய் எட்டு மணி நேரம் போஸ் கொடுக்காது. அதனால் போட்டோதான் கதி. இங்கே ஒரு சின்ன கணக்கு.

நாயின் மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் நடுவில் 10 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஆசையாகக் கிட்டப் போய் மூக்கில் இருந்து 30 செ.மீ. தூரத்தில் போனைப் பிடிக்கிறீர்கள். கண் 40 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. ஒரு பொருள் படத்தில் தெரியும் அளவு தூரத்துக்குத் தலைகீழ் விகிதம். ஆக, கண்ணோடு ஒப்பிட்டால் மூக்கு 40/30, அதாவது 1.33 மடங்கு பெரிதாகத் தெரியும். அதே நாயை 2 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் 210/200, வெறும் 1.05 மடங்கு. கிட்டப் போய் எடுத்த எல்லா நாய் போட்டோவிலும் மூக்கு உருண்டு திரண்டு கார்ட்டூன் மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். பழி லென்ஸ் மேல் போகும், உண்மையில் குற்றவாளி தூரம். ரீல்ஸுக்கு அந்தப் போட்டோ அழகுதான். வரைய எடுத்தால், "நம்ம நாய் மாதிரியே இல்லையே" என்று வீட்டில் சொல்வார்கள், ஏன் என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியாது.

எனவே தள்ளி நில்லுங்கள், ஆனால் கீழே இறங்குங்கள். போன் நாயின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். தரையில் படுத்தாலும் தப்பில்லை. பிளாஷ் வேண்டவே வேண்டாம். நாய், பூனையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு அடுக்கு இருக்கிறது, உள்ளே போன வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ராத்திரியில் பைக் ஹெட்லைட்டில் பச்சையாக மின்னுவது அதுதான். பிளாஷ் அடித்தால் பாப்பா இருக்கவேண்டிய இடத்தில் எல்இடி பல்பு. ஜன்னல் பக்கத்தில் உட்கார வைத்து, வெளிச்சம் ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் வருகிற மாதிரி எடுங்கள். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்று இருந்தால்தான் முகத்துக்கு மேடு பள்ளம் தெரியும்.

கறுப்பு நாய் என்றால் இன்னொன்று. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர சாம்பல் ஆக்கத்தான் பார்க்கும். பிரேம் முழுக்கக் கறுப்பு நாய் இருந்தால், "அய்யோ இருட்டு" என்று எக்ஸ்போஷரை ஏற்றிவிடும், நாய் சாம்பல் பூத்துவிடும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். ராஜபாளையம் மாதிரி வெள்ளை நாய்க்கு நேர் எதிர்: கொஞ்சம் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பால் வெள்ளை நாய் அழுக்கு வெள்ளை ஆகிவிடும்.

யாராவது அனுப்பும் போட்டோவாக இருந்தால் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் நிழலுக்குள் இருக்கும் முடி விவரம்தான் முதலில் காணாமல் போகும். நமக்கு அதுதான் வேண்டும்.

மூணே மூணு லெவல்

இப்போது போட்டோவைக் கறுப்பு-வெள்ளை ஆக்குங்கள். எடிட்டிங் ஆப்பில் போஸ்டரைஸ் என்று இருக்கும், அதில் லெவல் 3 வையுங்கள். பைதான் தெரிந்தவர்கள் நாலு வரியில் எழுதிக்கொள்ளலாம், ஒவ்வொரு பிக்சலையும் இருட்டு, நடு, வெளிச்சம் என்று மூணு மதிப்பில் ஒன்றாக மாற்றினால் போதும். டிஎஸ்பி கிளாசில் படித்த குவாண்டைசேஷன் வேறு எதற்காவது உபயோகப்பட்டதா? இதற்கு உபயோகப்படும்.

மூணே லெவலில் கூட அது உங்கள் நாய்தான் என்று அடையாளம் தெரிகிறதா? தெரியும். அப்படியென்றால் சாயல் என்பது முடியிலும் கலரிலும் இல்லை, இந்தப் பெரிய இருட்டு-வெளிச்சத் திட்டுகளின் வடிவத்தில் இருக்கிறது. முதலில் சரியாக வரவேண்டியது அதுதான். ஆப் இல்லாமல் செய்யணும் என்றால் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். ஓவியர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது ஸ்டைலுக்காக இல்லை, விவரங்களை மங்கவைத்துத் திட்டுகளை மட்டும் பார்க்கத்தான். லோ-பாஸ் ஃபில்டர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அவுட்லைனுக்குக் கட்டம் போடும் முறையே போதும். 16-க்கு 20 செ.மீ. பிரிண்ட்டில் 2 செ.மீ. கட்டம் போட்டால் 80 கட்டம். பேப்பரிலும் அதே 80. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கோடு எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று மட்டும் பார்த்து மாற்றுங்கள். "கட்டம் போட்டு வரைவது ஏமாற்று வேலை" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கண்டுக்காதீங்க. பத்துப் படத்துக்குப் பிறகு உங்களுக்கே கட்டம் தேவைப்படாது. அதுவரை அது அளவுகோல், ஊன்றுகோல் இல்லை.

பேப்பர் மட்டும் 300 ஜிஎஸ்எம் வாங்குங்கள். மெலிசான பேப்பர் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி சுருண்டுவிடும். கலருக்கு 12 ட்யூப் ஸ்டூடண்ட் செட்டே அதிகம்.

கறுப்புக்குத் திரும்புவோம்

அந்தச் செட்டில் இருக்கும் அல்ட்ராமரைன் ப்ளூவையும் பர்ன்ட் அம்பரையும் (செட்டில் இல்லையென்றால் தனி ட்யூபாகக் கிடைக்கும்) தண்ணீர் குறைவாகச் சேர்த்துக் கலக்குங்கள். கிட்டத்தட்டக் கறுப்பு வரும். இந்தக் கறுப்பின் அழகு என்னவென்றால் இதைத் திருப்பலாம். நீலம் கொஞ்சம் கூட்டினால் வானம் பார்த்த முதுகு, பழுப்பைக் கூட்டினால் தரை பார்த்த வயிறு. ட்யூப் கறுப்பில் இந்தத் திருகாணி கிடையாது, எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அதே சாம்பல்தான்.

ஆனால் கலவை மட்டும் கதை இல்லை. ஒரு கலர் எப்படித் தெரியும் என்பது பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை முறையாக ஆராய்ந்தவர் ஓவியர் இல்லை, ஒரு கெமிஸ்ட். பிரான்ஸைச் சேர்ந்த ஷெவ்ரல், பாரிஸில் கோபெலின் திரைச்சீலை நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தார். அங்கே கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார். சாயத்தைச் சோதித்தார், மற்ற இடத்துச் சாயத்தோடு ஒப்பிட்டார். கோளாறு சாயத்தில் இல்லை. நீலம், ஊதா நூலுக்குப் பக்கத்தில் நெய்தபோது அந்தக் கறுப்பு கண்ணுக்கு வலுவிழந்து தெரிந்திருக்கிறது. பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்று 1839-ல் பெரிய புத்தகமே போட்டுவிட்டார். பிற்பாடு வந்த பிரெஞ்சு ஓவியர்கள் பலர் அதைப் படித்துப் பயன்படுத்தினார்கள்.

நமக்கு இதனால் என்ன? ஒரு விஷயம், ரொம்பப் பெரிய விஷயம். எல்லாப் படத்துக்கும் நடுவில் ஒரு அசிங்கமான கட்டம் வரும். ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கும், முகத்தில் பாதி கலர் ஏறியிருக்கும், பார்த்தால் சேற்றில் விழுந்த எலி மாதிரி இருக்கும். "நமக்கு இது வராது" என்று பேப்பரைக் கசக்கும் இடம் அதுதான். முக்கால்வாசிப் பேர் ஓவியத்தை விடுவதும் அங்கேதான், திறமை இல்லாமல் இல்லை. அந்த நேரத்தில் உங்கள் கண் சொல்வது பொய். சுற்றிலும் பளீர் என்று வெள்ளைப் பேப்பர் இருக்கும்போது நீங்கள் வைத்த நடுத்தர நிறம் எல்லாமே இருட்டாகத் தெரியும். எம்ஐடி பேராசிரியர் எட்வர்ட் ஆடெல்சன் 1995-ல் உருவாக்கிய செஸ் போர்டு நிழல் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரே சாம்பல் நிறம் கொண்ட ரெண்டு கட்டம், ஒன்று வெள்ளை மாதிரியும் ஒன்று கறுப்பு மாதிரியும் தெரியும். தெரிந்த பிறகும் கண் ஒத்துக்கொள்ளாது. அதேதான் உங்கள் பாதி முடிந்த நாய்க்கும் நடக்கிறது.

மருந்து எளிது. பின்னணியை முதலிலேயே பூசிவிடுங்கள், ஒரு மங்கலான பச்சையோ சாம்பலோ போதும். அடுத்து, படத்திலேயே மிக இருட்டான இடத்தை (பாப்பா, மூக்குத் துவாரம்) சீக்கிரம் வைத்துவிடுங்கள். ரெண்டு எல்லையும் தெரிந்துவிட்டால் நடுவில் இருப்பதைக் கண் சரியாக எடை போடும். கேலிபரேஷன் செய்யாத மீட்டரின் ரீடிங்கை நம்பி லேப் ரெக்கார்டு எழுதுவோமா? (எழுதியிருக்கிறோம், அது வேறு கதை.)

காய்ந்த பிறகு வரும் மாற்றத்தையும் கணக்கில் வையுங்கள். வாட்டர் கலர் காய்ந்தால் வெளுக்கும். அக்ரிலிக் காய்ந்தால் இருட்டாகும், ஏனென்றால் அதில் இருக்கும் பாலிமர் ஈரமாக இருக்கும்போது பால் மாதிரி வெள்ளையாகவும் காய்ந்ததும் கண்ணாடி மாதிரியும் இருக்கும். பக்கத்தில் ஒரு வேஸ்ட் பேப்பர் வைத்து, தொட்டு, காயவிட்டு, பார்த்து, பிறகு படத்தில் கை வையுங்கள்.

வெள்ளை நாய்? வாட்டர் கலரில் வெள்ளை என்பது பேப்பர்தான். அதனால் வெள்ளை நாயை வரைவது என்றால் நாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வரைவது. பின்னணி, நிழலில் இருக்கும் நீல ஊதா, காதுக்குள் ரோஸ், மூக்கு. கறுப்பை விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

முடி பற்றி ஒரே பேச்சு: ஒவ்வொரு முடியாக வரையாதீர்கள். முடி எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். மூக்குத் தண்டில் இருந்து மேலே ஏறி, நெற்றியில் விசிறி மாதிரி பிரிந்து, கன்னத்தில் பின்னோக்கிப் போகும். திட்டுகளை அந்தத் திசையிலேயே பூசுங்கள். தனி முடி தெரிய வேண்டியது இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் ஓரத்தில் மட்டும். அங்கே இருபது முடி வைத்தால், மீதி இருபதாயிரத்தைப் பார்ப்பவர் மனசு தானாக நிரப்பிக்கொள்ளும்.

மணி

இதுவரை சொன்னதெல்லாம் டெக்னிக். அடுத்தவர் வீட்டு நாயை வரையும்போது டெக்னிக் மட்டும் போதாது, அதுவும் அந்த நாய் இப்போது இல்லை என்றால்.

போன வருஷம் பக்கத்து ரூம் நண்பன் வீட்டு நாய் இறந்துபோனது. பதிமூணு வருஷம் இருந்த நாய், பேர் மணி. அம்மாவுக்குக் கொடுக்க ஒரு படம் வேண்டும் என்று 14 போட்டோ அனுப்பினான். அதில் ஒன்று பிரமாதம்: நேராக உட்கார்ந்து, ஷார்ப்பாக, கண்ணில் வெளிச்சத்தோடு. யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் ஆரம்பிக்கும் முன் அவன் அம்மாவிடம் போனில் பேசினேன்.

"அந்த போட்டோ வேண்டாம் தம்பி. அது குளிப்பாட்டி பெல்ட் போட்டு உட்கார வெச்சு எடுத்தது. அவன் அப்படி இருக்கவே மாட்டான்."

"எப்படிம்மா இருப்பான்?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார். சாயங்காலம் நாலு மணிக்கு வாசல்படியில் தாடையை வைத்துப் படுத்திருப்பானாம். தெருவில் எந்த வண்டி வந்தாலும் எழுந்திருக்க மாட்டான், ஒரு காது மட்டும் எழும்பும். "பையன் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் அதே நேரத்துக்கு வந்து படுப்பான் தம்பி. ஸ்கூல் வேன் வர்ற நேரம் அது."

அந்தப் போஸில் ஒரே ஒரு போட்டோ இருந்தது. மங்கல், தூரத்தில் இருந்து எடுத்தது, கை ஆடியிருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது இதுதான். போஸையும் வெளிச்சத்தையும் மங்கலான போட்டோவில் இருந்து எடுங்கள். அடையாளங்களை (கண் வடிவம், மூக்கு, திட்டு) தெளிவான போட்டோக்களில் இருந்து எடுங்கள். மணி விஷயத்தில் தெளிவான போட்டோவில் வெளிச்சம் இடப் பக்கம், வாசல்படி போட்டோவில் வலப் பக்கம். போட்டோவையே கண்ணாடி பிம்பமாகத் திருப்பினால் வெளிச்சம் பொருந்திவிடும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வலது முன்னங்கால் வெள்ளை இடது காலுக்குப் போய்விடும். வீட்டுக்காரர்கள் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார்கள். அதனால் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிழலை மட்டும் கையால் மாற்ற வேண்டும், தாடை எலும்பு எங்கே மேடு, கன்னம் எங்கே பள்ளம் என்று தெரிந்தால்தான் முடியும். அதற்கு மெஸ் வாசல் கருப்பன் உதவுவான். அவன் தாடையைத் தடவிப் பார்த்து எலும்பைத் தெரிந்துகொள்ளலாம் (அவனுக்கும் சம்மதம் என்றால்). இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸ்டப்ஸ் குதிரை வரைவதற்காக ஒன்றரை வருஷம் செத்த குதிரைகளை அறுத்துப் படித்து, 1766-ல் குதிரை உடற்கூறு பற்றிப் புத்தகமே வெளியிட்டார். நமக்குத் தடவிப் பார்த்தாலே போதும்.

கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் உண்டு. எந்த வயசு முகம் வேண்டும்? கடைசி வருஷத்தில் மணியின் வாயைச் சுற்றி நரைத்திருந்தது. சிலர் நரை வேண்டாம் என்பார்கள், சிலருக்கு நரை இல்லையென்றால் அது அவர்கள் நாயே இல்லை. மணியின் அம்மா நரையோடு கேட்டார். காதில் வெட்டு இருக்கிறதா? தெருவில் இருந்து எடுத்து வளர்த்த நாய்களில் நிறைய நாய்க்குக் காது நுனியில் ஒரு வெட்டு இருக்கும், கருத்தடை ஆபரேஷன் முடிந்ததற்கான அடையாளம் அது. போட்டோவில் ஏதோ குறை என்று நினைத்து அந்தக் காதை முழுசாக்கி அழகுபடுத்தினால், அந்த நாயின் வரலாற்றையே அழித்த மாதிரி.

"ஏஐ-யில் போட்டால் பத்து செகண்டில் வருமே?" என்று இந்த இடத்தில் யாராவது கேட்பீர்கள். வரும். பளபளப்பாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலும் காது வெட்டைச் சரிசெய்துவிடும், நரையைச் சமன் செய்துவிடும், பல ஆயிரம் நாய்களின் சராசரி ஒன்றைத் தரும். ஐகானைத்தான் ரொம்ப நல்லா வரையும். தவிர, மணியின் அம்மாவிடம் அது போனில் பேசியிருக்காது.

அந்தப் படத்துக்கு பதினோரு மணி நேரம் ஆனது. மூணு சனிக்கிழமை. நண்பன் ஊருக்குக் கொண்டுபோனான். திரும்பி வந்து அவன் சொன்னது இவ்வளவுதான்: அம்மா முதலில் தாடைக்குக் கீழே இருந்த வெள்ளை முடிக் கொத்தைத்தான் விரலால் தொட்டாராம். 14 போட்டோவில் ஒரே ஒன்றில் மட்டும் தெரிந்த விஷயம் அது.

நாய் எழுந்து போய்விட்டால்

போட்டோவில் கை பழகிய பிறகு நேரில் பார்த்து வரையப் பழகுங்கள். அசையும், கண்டிப்பாக அசையும். டேவிட் ஹாக்னி 1990-களில் தன் ரெண்டு டாக்ஸ்ஹண்ட் நாய்கள் ஸ்டான்லியையும் பூஜியையும் வரிசையாக வரைந்தார். வீட்டில் அவை படுக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் பேப்பரும் கலரும் தயாராக வைத்துக்கொண்டு, அவை படுத்ததும் வரைந்திருக்கிறார். கதவு தட்டினாலோ சாப்பாட்டு வாசனை வந்தாலோ மாடல் எழுந்து ஓடிவிடும். அதனால் அந்தப் படங்களில் விவரம் குறைவு, ஆனால் நாய் படுத்திருக்கும் அந்தக் கனம் அப்படியே இருக்கும்.

ஒரு தந்திரம்: ஒரே பக்கத்தில் ஐந்தாறு படம் ஆரம்பியுங்கள். நாய் தலையைத் திருப்பினால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டு புதுப் போஸை ஆரம்பியுங்கள். விலங்குகளுக்குப் பிடித்த போஸ் சிலதுதான். பத்து நிமிஷத்தில் பழைய போஸுக்கே திரும்பி வரும், விட்ட இடத்தில் தொடரலாம். காலண்டர் பின்பக்கமும் பால் பாயிண்ட் பேனாவும் போதும் இதற்கு.

முடிக்கும்போது வரிசை முக்கியம். மீசை முடி கடைசி. அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகு, மெல்லிய பிரஷ்ஷில், வேரில் அழுத்தி நுனியில் தூக்கி, ஒரே இழுப்பு. வேஸ்ட் பேப்பரில் இருபது தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். கண்ணில் இருக்கும் வெளிச்சப் புள்ளி ரெண்டு கண்ணிலும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், ரெண்டும் வேறு வேறு பக்கம் இருந்தால் மாறுகண் தெரியும். படத்தைப் போனில் எடுத்து இட-வலம் திருப்பிப் பாருங்கள், இத்தனை நேரம் கண்ணுக்குப் பழகிப்போன கோணல் எல்லாம் பளிச் என்று தெரியும். இன்னும் திருத்த நேரம் இருக்கிறது.

கொடுப்பதற்கு முன் நல்ல ஸ்கேன் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரேம் போடும்போது கண்ணாடியும் பேப்பரும் ஒட்டாமல் நடுவில் மவுண்ட் போர்டு வைக்கச் சொல்லுங்கள். நம்ம ஊர் ஈரக்காற்றில் ரெண்டும் ஒட்டிக்கொண்டால் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சை பிடித்துவிடும். ஸ்டூடண்ட் கலர்களில் சில சிவப்பும் ரோஸும் நேர் வெயிலில் வெளுத்துப்போகும், அதனால் வெயில் படாத சுவரில் மாட்டச் சொல்லுங்கள். சொன்னால் எல்லாரும் கேட்பார்கள் என்று இல்லை. மணி படம் வாசல்படிக்குப் பக்கத்துச் சுவரில், தரையில் இருந்து ரெண்டடி உயரத்தில் சாய்ந்து நிற்கிறதாம், சாயங்கால வெயில் நேராக விழும் இடத்தில். ஸ்கேன் என்னிடம் இருக்கிறது.